ரெண்டாங்குண்டு

அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும் மேடம், சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது. தேநீரில் சர்க்கரை அதிகமாக இருக்கும். எங்கள் முகாம் சமையல்காரனுக்கு விருந்தாளி என்றாலே கை தாராளமாகிவிடுகிறது.

நீங்கள் லோசி இனம் என்று பெயரிலேயே தெரிகிறது. நல்லதாகப் போயிற்று. நான் பெம்பா. உங்களுக்கும் எனக்கும் கேலி முறை கிடையாது, அதனால் நேராகப் பேசலாம். செத்துப்போன லாசரோ ஜேரே இங்கோனி இனம். உங்களுக்குத் தோங்காக்காரர்கள் எப்படியோ, எங்களுக்கு இவர்கள் அப்படி. பாட்டன்மார் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள், நாங்கள் வாயால் குத்திக்கொள்கிறோம். நான் குரங்குதின்னி, அவன் எலிதின்னி. கல்யாணத்திலும் பேசலாம், சாவிலும் பேசலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். நன்றாக யோசித்துப் பாருங்கள், அது எவ்வளவு கொடுமையான சட்டம்.

நான் வேட்டை வழிகாட்டி. வெளிநாட்டுத் துரைமார் சுட வருவார்கள், நான் கூட்டிக்கொண்டு போவேன். லாசரோ எனக்குத் தடம் பார்க்கிறவன். அவன் கையில் துப்பாக்கி கிடையாது, துரை குண்டு போடும்போது துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ள மூன்று கவட்டைக் குச்சிகள்தான் இருக்கும். முதல் குண்டு துரையுடையது. மிருகம் விழவில்லை என்றால் இரண்டாவது குண்டு என்னுடையதா இல்லையா என்பதில்தான் எல்லா வம்பும். சில துரைமாருக்கு அது பிடிக்காது. சுவரில் மாட்டப்போகிற தலை முழுக்கத் தன்னுடையதாக இருக்க வேண்டும் அவர்களுக்கு. என் கொள்கை எளிது. காட்டெருமை விழுந்து, கண்ணில் குச்சியால் தொட்டாலும் இமைக்காது என்கிற வரைக்கும் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குண்டைப் போட்டுவிட்டு எங்கே பட்டது என்று எட்டிப் பார்த்தவர்களைப் போர்வையில் சுற்றி வண்டியிலிருந்து இறக்கியிருக்கிறேன். தவிர, அடிபட்ட உயிரை வலியில் விட்டு வேடிக்கை பார்ப்பது எனக்கு ஆகாது.

ரெண்டாங்குண்டு என்ற பட்டப்பெயர் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஒரு போர்ச்சுக்கீசியர் வந்திருந்தார். அவர் சுட்டதும் எருமை ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. நான் சுட்டேன். விழுந்தது. லாசரோ அதன் நெஞ்சைக் கிழித்து இதயத்தை வெளியே எடுத்தான், ஓட்டைக்குள் விரலை விட்டு எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

“பாருங்கய்யா, நல்லா பாருங்க. தொரையோட குண்டு நடு நெஞ்சுல. நம்ம குரங்குதின்னியோட குண்டு எங்க தெரியுமா? புட்டத்துல! செத்துப்போன எருமைய இவன் போயி பின்னாலேருந்து கொன்னிருக்கான்!”

அன்று சாயங்காலம் நெருப்பைச் சுற்றிப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஆடிக் காட்டினான். போர்ச்சுக்கீசியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து நான் ரெண்டாங்குண்டு. சிஷிம்பா என்ற என் சொந்தப் பெயர் அத்தோடு சரி.

முகாமோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைக்காரி “ரெண்டாங்குண்டு வந்தாச்சு” என்று உப்பை எடுத்து வைப்பாள். சர்ச்சில் காணிக்கைத் தட்டு என்னிடம் வந்தால் பின்வரிசையிலிருந்து “இன்னொருவாட்டியும் போடு” என்று ஒரு குரல் வரும், பாதிரியார் இருமுவது போல வாயை மூடிக்கொள்வார். என் மகள் கசுபா பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரின் மகளாகத்தான் இருந்தாள். முதலாளியும் கேட்டுச் சிரித்தார். “நல்ல ஆளுதான், கொஞ்சம் பயந்த கை” என்று யாரிடமோ சொன்னாராம். பிறகு எருமைக்கும் சிங்கத்துக்கும் வருகிற துரைமாரெல்லாம் வேறொரு வழிகாட்டிக்குப் போனார்கள். எனக்கு மான் சுட வருகிற பல் வைத்தியர்கள் மிஞ்சினார்கள்.

ஒரே ஒரு தடவை கோபப்பட்டேன். லாசரோவின் சட்டையைப் பிடித்துவிட்டேன். உடனே பெரியவர்கள் கூடி, கேலி முறைக்காரனிடம் கோபித்துக்கொண்டது தப்பு என்று எனக்கு ஒரு கோழி அபராதம் போட்டார்கள். அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று மத்தியானமே அவன் அதைச் சமைத்து, கூழோடு தொடைக்கறியை என் வீட்டுக்கு அனுப்பினான். “ரெண்டாவது தொடையையும் அனுப்பவான்னு கேக்கச் சொன்னாரு” என்றாள் கொண்டுவந்த பெண். என் மனைவிகூடச் சிரித்தாள். எனக்கு அந்தக் கறி இறங்கவில்லை.

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ஒரு மழைக்காலத்தில் எனக்கு மலேரியா முற்றி, வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டபோது அவன்தான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். இடுப்பளவு தண்ணீர், முதலை இருக்கிற ஆறு. அக்கரை சேரும்வரை “குரங்குதின்னி, எத்தன குரங்குடா தின்ன, இந்தக் கனம் கனக்குற” என்று சொல்லிக்கொண்டே வந்தான். மற்றவர்கள் கரையில் நின்று சிரித்தார்கள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி, லெய்ட்னருக்கு வருகிறேன். ஆஸ்திரியாக்காரர். எருமைக்கு வந்தவர். அந்த வேறொரு வழிகாட்டிக்கு உடம்பு சரியில்லாததால் என்னிடம் வந்தார். முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார், தான் வாய் திறந்து கேட்டாலொழிய நான் சுடக் கூடாது, தோலில் தன் தோட்டா மட்டும்தான் இருக்க வேண்டும் என்று. வேறு சமயமாக இருந்தால் நான் வாதாடியிருப்பேன். அன்று சரி என்றேன். ஒரே ஒரு எருமை வேட்டையில் நான் இரண்டாவது குண்டு போடாமல் திரும்பினால் அந்தப் பெயர் உதிர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. லாசரோ குச்சிகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“இன்னைக்கு என்ன மச்சான் பண்ணப்போற? வெரல கட்டிவிடட்டுமா?”

நானும் சிரித்தேன். சிரிக்கத்தானே வேண்டும்.

லெய்ட்னர் மோசமாகச் சுட்டார். குண்டு வயிற்றில் பட்டது, அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும். எருமை முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடிற்று. என் துப்பாக்கி தோளில் ஏறிவிட்டது, எருமையின் தோள்பட்டை தெளிவாகத் தெரிந்தது. லெய்ட்னர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். இறக்கிவிட்டேன். எருமை முட்புதருக்குள் போய் மறைந்தது.

லாசரோ சிரிக்கவில்லை. காறித் துப்பினான்.

“ஏண்டா சுடல?”

“தொரை வேணாம்னுட்டாரு. தவிர, சுட்டா நீ சிரிப்ப.”

“சிரிக்கிறது வேற, சுடுறது வேற. பைத்தியமா ஒனக்கு?”

அதை மேடம் நன்றாகக் கவனிக்க வேண்டும். இத்தனை வருஷம் என்னை அரைத்துக் குடித்துவிட்டு, எல்லாம் சும்மா என்கிற மாதிரி ஒரே வரியில் சொல்லிவிட்டான். அவனுக்கு அது வேறு, இது வேறு. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

காயம்பட்ட எருமையை விட்டுவிட்டு வரக் கூடாது, அது உங்கள் வனவிலங்கு இலாகாவின் சட்டமும்கூட. கொஞ்ச நேரம் விட்டு உள்ளே போனோம். லாசரோ முன்னால் இரத்தம் பார்த்துக்கொண்டு போனான், பின்னால் நான், எனக்குப் பக்கத்தில் லெய்ட்னர். உங்கள் இலாகா காவலர் கடைசி, புல் அவர் தலைக்கு மேல் இருந்தது, அவர் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பலாம். எருமை வந்த வழியே வளைந்து திரும்பி, எங்கள் தடத்தின் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் குணம் அதுதான். லாசரோ தாண்டும்வரை அசையவில்லை, பிறகு பக்கவாட்டில் வந்து அவனைத் தூக்கிற்று. லெய்ட்னர் ஒரு குண்டு சுட்டார், மரத்தில் பட்டது. அதன்பிறகு துப்பாக்கியின் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். பாவம். வாயைத் திறந்து என்னைக் கேட்கவும் இல்லை.

நான் சுட்டேன். எருமை விழுந்தது. வழக்கப்படி இன்னொன்றும் போட்டேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இதுவரை நான் சொன்னதுதான் விபத்து என்று எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நீங்கள் வந்தது சாவு வீட்டில் நடந்ததற்காக. எங்களில் கேலி முறைக்காரன்தான் குழி வெட்ட வேண்டும், பெட்டி சுமக்க வேண்டும், அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கவும் வேண்டும். ஊரில் வேறு பெம்பாக்காரர்கள் இருந்தாலும் அவனுக்கு நெருக்கம் நான்தான். வேண்டாம் என்றால்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவன் நடையில் நடந்து, “எலிதின்னி எருமைக்குப் பொந்து தேடிப் போனான்” என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். அவன் ஜனங்களுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அது புதிதாக இருந்தது, என் பேச்சுக்கு ஊரே சிரிப்பது. விடுவானேன் என்று மேலே போனேன்.

“எருமை இவன முட்டிச்சா? முட்டட்டும்னு நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்! பெம்பாக்காரன் கைக்கு அன்னைக்குத்தான் ஓய்வு!”

கூரை அதிர்ந்தது. ஒரு கிழவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், மேடம். நான் எதையும் ஒளித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவன் மனைவி நெலியாவும் முதலில் சிரித்தாள். பிறகு பாயிலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள். அவள் எப்போதும் என்னைக் குரங்குதின்னி என்றுதான் கூப்பிடுவாள். அன்று மரியாதையாக, பிள்ளை பெயரைச் சொல்லி, பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்.

“கசுபா அப்பா, ஒண்ணு கேக்கணும். அவரு ஒங்கள கூப்ட்டாரா?”

“கூப்ட்டான்.”

“எத்தன தடவ?”

“ரெண்டு தடவ.”

ரெண்டு என்றதும் மறுபடி ஒரே சிரிப்பு. என் பெயரை வைத்து நானே சொன்ன நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். நெலியா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் கூப்பாட்டுக்கும் அடுத்த கூப்பாட்டுக்கும் நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மறுநாள் உங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். மரியாதையாகக் கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

சொல்கிறேன். எருமை அவனைக் கீழே போட்டு மண்டியிட்டுக் கொம்பால் அழுத்தியது. அப்போது அதன் தோள்பட்டை முழுக்க எனக்குத் திறந்து கிடந்தது. கதவு அகலம். குறுக்கே ஒரு புல்கூட இல்லை. துப்பாக்கி தோளில், விரல் விசையில், கை கொஞ்சமும் நடுங்கவில்லை. பயந்த கை என்று சொன்னவர்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“கசுபா அப்பா!”

எத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூட அவன் வாயிலிருந்து அது வந்ததில்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது என்று உங்களிடம் எப்படிச் சொல்வது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் என் ஆசை. அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, இன்னொரு தடவை சொன்னால் சுட்டுவிடுவது என்றுதான் நின்றேன். அவனுக்கு உடனே சொல்ல வரவில்லை. எருமை இரண்டு மூன்று முறை அழுத்திற்று. நான் பொறுமையாகத்தான் இருந்தேன். பிறகு சொன்னான், கொஞ்சம் மெதுவாக, ஆனால் முழுசாக. உடனே சுட்டேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

உங்கள் தேநீர் ஆறிவிட்டது.

வண்டியில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. என் கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன். பாதி வழியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். மறுபடியும் கசுபா அப்பா என்று சொல்லப்போகிறான் என்று குனிந்து காதைக் கொடுத்தேன்.

“நின்னுக்கிட்டே தூங்கிட்டியாடா, குரங்குதின்னி?” என்றான். சிரிக்கக்கூடப் பார்த்தான்.

சாகிற நேரத்திலும் அவனுக்கு என்னிடம் மரியாதை வரவில்லை, மேடம். நீங்களே சொல்லுங்கள், அப்படிப்பட்டவனோடு இத்தனை வருஷம் பொறுமையாக இருந்தவன் நான்.