நிலுவையில் ஒரு மலை

மலை ஊருக்குப் போகிறவர்கள் காலுறையை இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே ஒரு முறை நனைந்த துணி மூன்று நாளானாலும் காயாதாம். நான் போனதில்லை, படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் அந்த ஊரில் எந்தத் தெரு எங்கே போய் முட்டும், எந்த விடுதியில் ஏழு மணிக்கு மேல் வெந்நீர் வராது, எந்த முனையில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே போகும் என்பதெல்லாம் என் வீட்டுச் சமையலறையைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் கடிதம் கிடைத்தது. எப்போதும் 'மாமா' என்று கூப்பிடுகிறவள் இந்த முறை 'ஐயா' என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, கோபம் வந்தால் சிலருக்கு மரியாதையும் கூடிவிடும். விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, உனக்கும் உன் அப்பாவுக்கும் போட்டிருந்த அறையை ரத்து செய்தது நான்தானா என்று கேட்டிருக்கிறாய். ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்கிறாய். இருபத்தெட்டு வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். பின்னணி எழுதாமல் பதில் எழுதிப் பழக்கமில்லை.

கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். வீடு கட்ட, மாடி எடுக்க, சுவர் இடிக்க வருகிறவர்களின் வரைபடங்கள் என் மேசைக்கு வரும். அத்தனை வருடத்தில் ஒரு மனுவைக்கூட நான் நிராகரித்ததில்லை. நிராகரித்தால் மனுதாரர் மேலிடத்துக்குப் போவார், அழுவார், சபிப்பார். ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டுப் போவார். 'கிணற்றுக்கும் கழிவறைக்கும் உள்ள தூரம் குறிப்பிடப்படவில்லை.' குறித்துக்கொண்டு வருவார். 'தூரத்தை அளந்தவரின் கையெழுத்து இல்லை.' வாங்கிக்கொண்டு வருவார். ஒருவர் இப்படி ஒன்பது வருடம் வந்தார். கடைசி இரண்டு வருடம் என் முட்டிவலிக்குத் தைலமெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். அனுமதி கிடைத்துப் போனவர்களில் ஒருவராவது திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்திருப்பாரா? இல்லை.

இனி எங்கள் விஷயம். டெய்லர், கம்பவுண்டர், பேங்க்காரர், நான், உன் அப்பா என்று ஐந்து பேர். ஓட்டுநர் பள்ளி நடத்திய உன் அப்பாவை நாங்கள் 'கிளட்ச்' என்றுதான் கூப்பிடுவோம். சாப்பாட்டில் யாராவது அவசரப்பட்டால்கூட "கிளட்ச், கிளட்ச்" என்று காலைத் தட்டுகிற மனுஷன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஐவரும் கடற்கரைக்குப் போனோம். திட்டம் போட்டது நான். நான்கு மாதம் ஞாயிறு தவறாமல் என் வீட்டுக்கு வந்து, டீயைக் குடித்து, வரைபடத்தை விரித்துப் பேசினார்கள். போய் வந்த பிறகு ஐந்து மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்று சும்மாவா சொன்னார்கள். என் மனைவி அதற்கு முன்பே மகன் வீட்டோடு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குத் தனியாக இருக்கிறவன் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும். அது நின்றுவிட்டால் இன்னும் மோசம்.

அதனால் மலை ஊர் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். நால்வரும் குதித்தார்கள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. எந்த மாதம் என்பதற்கு ஆறு ஞாயிறு ஆனது. ரயிலா வேனா என்பதற்குப் பத்து. வேன் என்று முடிவானபோது, வளைவுகளில் டெய்லருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மெதுவாகக் கேட்டு வைத்தேன்.

"நான் எப்பய்யா வாந்தி எடுத்தேன்? ஒரே ஒரு தடவ. அதுவும் டீசல் நாத்தம்" என்றார் டெய்லர்.

"யாரும் தப்பா சொல்லலியே. ஒரு தடவ வந்தது மறு தடவ வராதான்னுதான் கேக்குறேன்" என்றேன். அதில் ஒரு மாதம் போனது. பிறகு யாருக்கு யாருடன் அறை என்ற கேள்வி. பேங்க்காரரின் குறட்டையைப் பற்றிக் கம்பவுண்டர் சொன்னதாகப் பேங்க்காரரிடமும், கம்பவுண்டரின் கால் நாற்றத்தைப் பற்றிப் பேங்க்காரர் சொன்னதாகக் கம்பவுண்டரிடமும் சொன்னேன். இருவரும் சொல்லியிருக்கவில்லை, ஆனால் இரண்டும் உண்மைதான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எனக்கு ஒரு கொண்டாட்டமும் இல்லை. சமாதானம் செய்து வைக்க மூன்று மாதம் நாயாய் அலைந்தவன் நான். இப்படி இரண்டு வருடம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு ஞாயிறு உன் அப்பா டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் சொல்லிட்டார்ப்பா. பார்வை ஓரத்துலேர்ந்து மூடிக்கிட்டே வருதாம். இப்பவே குழாய் வழியா பாக்குற மாதிரிதான் இருக்கு. வருஷக் கடைசி வரைக்கும் தாங்கினா பெருசுங்கிறார்."

பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வாழ்நாள் பூரா ரோட்டையே பாத்தாச்சு. மேகத்த மேலேர்ந்து ஒரு தடவ பாத்துட்டா போதும்."

மூவரும் அடுத்த வாரமே கிளம்பலாம் என்று எழுந்து நின்றுவிட்டார்கள். பேங்க்காரர் கம்பவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம ஒரே ரூம்ல படுத்துக்கலாம்யா" என்றார்.  உன் அப்பா எனக்கு முப்பது வருட நண்பர். ஆனால் உணர்ச்சிவசப்பட்டு எடுக்கிற முடிவு நிற்காது என்பது அனுபவம். அவ்வளவு உயரம் கண் நரம்புக்கு ஆகுமா, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாமே என்றேன். நியாயமான கேள்வி. உன் அப்பாவே "அதுவும் சரிதான்" என்றார். வாங்கி வரும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

டாக்டர் மறுநாளே கொடுத்துவிட்டார். நான்கு வரி. உயரத்தால் பாதகமில்லை, உடனே அழைத்துச் செல்லவும், தாமதிக்க வேண்டாம் என்று இருந்தது. 'தாமதிக்க வேண்டாம்' என்பதன் கீழே கோடு வேறு போட்டிருந்தார். அதை நான் கிழிக்கவில்லை. கிழிக்கிற ஆள் இல்லை நான். மேசை இழுப்பறையில் வைத்தேன், இப்போதும் இருக்கிறது. டாக்டர் ஊரில் இல்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். அது பதினொரு வாரம் தாங்கியது. அந்தப் பதினொரு ஞாயிறும் ஐவரில் ஒருவர்கூடத் தவறவில்லை. டெய்லர் காய்ச்சலோடு வந்தார். எங்கள் நட்பின் பொற்காலம் என்று அதைத்தான் சொல்வேன். உன் அப்பா ஒவ்வொரு வாரமும் நாற்காலியை வரைபடத்துக்கு இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொள்வார். கடைசி வாரங்களில் அவர் மூக்கு காகிதத்தில் இடித்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது, தப்பாக நினைக்காதே, நீதான். எங்கள் யாரையும் கேட்காமல் மூன்று நாள் விடுப்பு போட்டு, அறையும் பஸ்ஸும் பதிவு செய்தாய். உன் அப்பா சிறுபிள்ளை போல என்னிடம் ஓடிவந்து சொன்னார். எந்த விடுதி, எந்தத் தேதி எல்லாம் அவர் வாயால் சொன்னதுதான். எதையும் நான் துருவிக் கேட்கவில்லை. அன்று மதியம் விடுதிக்குப் பேசினேன். அவர் பெயரைச் சொன்னேன், உடல்நிலை சரியில்லை என்றேன். பிறகு அவரிடம் போய், மண் சரிந்து பாதை மூடிவிட்டதாம், விடுதியிலிருந்தே சொன்னார்கள் என்றேன். அவர் நம்பினார். நான் சொல்லி அவர் எதைத்தான் நம்பவில்லை? அடுத்த விடுப்பு உனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் மழைக்காலம் வந்தது, வருடம் முடிந்தது, அவர் பார்வையும் முடிந்துவிட்டது.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: ஆமாம்.

ஆனால் ஒரு வார்த்தை. அவர் பார்க்காமல் போனது ஒரு மேகம். மேகம் என்பது கிட்டே போனால் வெறும் ஈரம் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. அதற்குப் பதிலாக அவருக்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. இப்போதும் வருகிறார். கையைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தால், "அந்த முனையில என்ன தெரியும், திரும்பச் சொல்லு" என்பார். நான் சொல்வேன். கீழே வெள்ளையாக, பஞ்சு பிரித்துப் போட்டது போல என்று ஆரம்பித்தால், மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். போன வாரம் கேட்டார், "பாக்க முடியாட்டியும் குளிர் தெரியும்ல? ஒரு தடவ கூட்டிட்டுப் போயிடேன்." நல்ல யோசனைதான் என்றேன். எந்த மாதம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் அப்பாவிடம் நானே வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீ சொல்வேன் என்று முடித்திருக்கிறாய். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இப்படி ஒரு செய்தியை அவர் ரத்த அழுத்தம் தாங்குமா என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. நீ அலைய வேண்டாம், நானே வாங்கி வருகிறேன்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை அவரை அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதே. போன மாதம் சளி என்று ஒரு வாரம் அவர் வரவில்லை அல்லவா? அன்று டெய்லரும் வரவில்லை, கம்பவுண்டரும் வரவில்லை, பேங்க்காரரும் வரவில்லை. நான் ஆறரை மணி வரைக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.