பக்கத்து இருக்கை பெல்ட்

"இது என் மச்சானுக்கு நடந்தது. நடுவுல எவனும் சிரிக்கக் கூடாது" என்றான் சண்டீலே. எல்லைச் சாவடியில் லாரிகள் நகர்வதாக இல்லை. ஓட்டுநர்கள் நெருப்பை இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

ராத்திரி ஒன்பது மணி. போட்ஸ்வானாவில், நாட்டா ஊருக்கு வடக்கே போகும் ரோடு... முன்னாலும் பின்னாலும் ஒரு விளக்குகூட இல்லை. மச்சான் தோகோசானி தன் பிக்கப்பை நிறுத்தினான். தம்பி லுங்காவின் லாரி கவிழ்ந்த இடம். உடலை ஊரில் புதைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனால் அம்மாவின் கனவில் லுங்கா இன்னும் அந்த ரோட்டோரத்திலேயே நின்றான். குளிருது என்றான்.

அதற்குத்தான் இலந்தைக் கிளை. தென்னாப்பிரிக்க ஜூலு வீடுகளின் வழக்கம் அது. செத்த இடத்தில் கிளையை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆவியை அந்தக் கிளையோடு வீடுவரை கூட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"வாடா லுங்கா. வீட்டுக்குப் போலாம்."

கிளையைப் பக்கத்து இருக்கையில் வைத்தான். ஒரு குருவி கனம்கூட இல்லை. வண்டி கிளம்பியதும்... டிங். டிங். டிங். பெல்ட் போடாமல் ஆள் உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது.

"பாலம் வருதுடா... யானை நிக்குது, பயப்படாதே."

பக்கத்து இருக்கையிலிருந்து லேசாக டீசல் வாடை வந்தது.

கால்நடை வேலிக் கேட் வந்தது. மாடுகளுக்கு நோய் பரவாமல் இருக்க எல்லோரும் இறங்கி, மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்கை மிதித்துத்தான் கடக்க வேண்டும். தோகோசானி பெல்ட்டைக் கழற்றி, அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். "இறங்கி மிதிடா." தானும் மிதித்தான்.

காவலாளி டார்ச்சோடு வந்தான். "என்னண்ணே, பொண்டாட்டி துரத்திட்டாளா? மூஞ்சி இப்படிக் கெடக்கு. எத்தனை பேரு?"

வீட்டை விட்டுக் கிளம்பிய இரண்டு நாளில் அவனிடம் பேசிய முதல் மனிதன். தோகோசானிக்குச் சிரிப்புக்கூட வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"நான் ஒருத்தன்தான்."

காவலாளி சாக்கைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். தோளைக் குலுக்கிவிட்டு கேட்டைத் திறந்தான்.

நாற்பது கிலோமீட்டர் போனபிறகு தோகோசானி பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தான். "ஊர் வெளிச்சம் தெரியுது பாரு, லுங்..."

பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டில் மாட்ட மறந்திருக்கிறான். ஆனால் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. டீசல் வாடையும் இல்லை.

வண்டியைத் திருப்பினான். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து பேரைக் கூவினான். யாரும் இல்லை. கேட்டில், சாக்கிலிருந்து தார் ரோட்டுக்கு ஈரக் காலடிகள் போயின. வெறுங்கால். எட்டி எட்டி விழுந்தவை... ஓடிய கால்கள். இன்னும் காயவில்லை.

"உன் தம்பியாண்ணே?" என்றான் காவலாளி. "உன் பேரைக் கூப்பிட்டுக்கிட்டே வண்டி பின்னால ஓடுனான். நீதான் நிறுத்தலையே."

"எந்தப் பக்கம்?"

"நீ இப்ப வந்தியே, அதே ரோடுதான். இன்னும் திரும்பல."

சண்டீலே நெருப்பைக் கிளறினான். தோகோசானி இன்றும் அந்த வண்டியை விற்கவில்லை. மாதம் ஒருமுறை அதே ரோட்டில் மெதுவாக ஓட்டிப் போகிறான். ரேடியோ போடுவதில்லை. பக்கத்து இருக்கை பெல்ட்டை மாட்டுவதில்லை.

சத்தம்... இதுவரை வரவில்லை.