கொழுப்பு

எங்கள் வீட்டில் சாப்பாடு எப்போதும் நன்றாகவே இருக்கும், டாக்டர். ஓர் அலுவலகக் கேன்டீனில் சமைப்பவள் நான். என் கணவர் எப்போதிலிருந்து சாப்பிடுவதில்லை என்று கேட்டீர்கள். குருவி போனதிலிருந்து என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது முழுப் பதில் ஆகாது. கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்கிறீர்கள் என்பதால் மீதியையும் சொல்கிறேன்.

குருவி அவருடைய அண்ணன் மகள். எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல். பித்தம் வெளியேற வழியில்லாமல் ஈரலே கெட்டுப்போகிற அபூர்வமான நோய் அவளுக்கு. கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, அரிப்புத் தாங்காமல் சொறிந்துகொண்டே கிடப்பாள். அவளைப் பெற்றவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்துபோனாள். குளிப்பாட்டியது, ஊட்டியது, தூங்கவைத்தது எல்லாம் நான்தான். சித்தி கை என்றால்தான் வாயைத் திறப்பாள். அக்கம்பக்கத்தில் என்னைப் புண்ணியவதி என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

யாராவது தங்கள் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தால் பிழைப்பாள் என்றார்கள். பெற்றவர்கள் இருவருடையதும் பொருந்தவில்லை. என் கணவருடையது பொருந்தியது. ஆனால் அதில் கொழுப்பு படிந்திருக்கிறது, குறைத்துக்கொண்டு வந்தால்தான் அறுவை செய்ய முடியும் என்று சொல்லிவிட்டார்கள். "அவன் கொழுப்பு இன்னிக்கு நேத்தா இருக்கு? சின்ன வயசுலேர்ந்தே எங்களுக்குத் தெரியும்" என்றார் அவருடைய அண்ணன். நெடுநாளைக்குப் பிறகு வீடே சிரித்தது. குருவியும் தன் பங்குக்கு, "சித்தப்பா ஈரல் எனக்கு வந்தா நானும் குறட்டை விடுவேனா?" என்று கேட்டாள்.

கொடுப்பவருடைய உயிருக்கு ஆபத்து உண்டா என்று அங்கே கேட்டவள் நான் ஒருத்திதான். உண்டு, ஆனால் மிகவும் அபூர்வம் என்றார் அந்த மருத்துவர். எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். அபூர்வமானது எங்கள் வீட்டுக்கு வராது என்று நான் எந்த தைரியத்தில் நம்புவது? அபூர்வமான நோய்தானே கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தது.

என் கணவர் அன்றே கொழுப்பைக் கரைக்கக் கிளம்பிவிட்டார். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. போகிற கட்டடத்தில் எல்லாம், தானே சரிசெய்த லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார். இனிப்பையும் பொரித்ததையும் தலைமுழுகினார். வேகவைத்த காய், சூப், எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். "நீ என்ன குடுக்கறியோ அதான் என் சாப்பாடு. வெளியில பச்சைத் தண்ணி தொடமாட்டேன்" என்று தன் வயிற்றை என்னிடம் ஒப்படைத்தார்.

கொஞ்சமாக எண்ணெயை ஊற்றிவிட்டுத் தாராளமாக ஊற்றியதுபோல் மினுக்கிக் காட்டுவது கேன்டீன் சமையல். அதைத் தலைகீழாகச் செய்வது ஒன்றும் பிரமாதமில்லை. பாலாடையை அரைத்துச் சூப்பில் விட்டால் பூசணியின் குழைவு என்றுதான் நினைப்பார்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை நாக்குக்குத் தெரியாது. வேலை முடிந்து பசியோடு வந்து உட்காருவார். "இதுலயா எண்ணெய் இல்ல?" என்று ஆச்சரியப்படுவார். கைப்பக்குவம் என்பேன்.

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு குறையவில்லை. அதற்கடுத்ததில் கூடியிருந்தது. முழங்கால் வீங்க வீங்கப் படியேறினார். குருவியின் கட்டிலைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணன் முதலில் கெஞ்சினார். பிறகு சந்தேகப்பட்டார். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பியவரின் பையைப் பிடுங்கி வாசலிலேயே கவிழ்த்தார். ஸ்பானர்களும் கிரீஸ் டப்பாவும்தான் விழுந்தன.

"எங்கடா ஒளிச்சு வச்சுத் திங்கற? என் பொண்ணு செத்துட்டிருக்காடா" என்றார்.

என் கணவர் ஸ்பானர்களைப் பொறுக்கினார். நானும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

குருவிமேல் எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வேறு எங்கிருந்தாவது ஈரல் கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவளுக்காக மனமுருக வேண்டிக்கொண்டேன். கிடைக்கவில்லை. ரத்தமாக வாந்தி எடுக்க ஆரம்பித்தபின் அவளுக்குப் பேசவே தெம்பில்லை. "சித்தப்பா இன்னும் இளைக்கலையா சித்தி?" என்று என்னிடம் கேட்டதுதான் கடைசி. இளைத்துக்கொண்டே இருக்கிறார், கண்ணை மூடித் தூங்கு என்றேன். என் மடியில்தான் போனாள்.

அன்றிலிருந்து அவர் தொண்டையில் எதுவும் இறங்குவதில்லை. தான்தான் அவளைக் கொன்றதாக நினைக்கிறார். வேலையிடத்தில் யாரோ கொடுத்த ஒரு பிஸ்கட்டை மறதியாகத் தின்றுவிட்டாராம். அந்த ஒற்றை பிஸ்கட்டைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். குருவியைப் பெற்றவர்கள் வீட்டைக் காலிசெய்து போய்விட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குப் போய் இப்படி ஒரு புருஷன் வாய்த்தானே என்று அவள் அம்மா அழுதாள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது அவர் ஈரலில் பொட்டுக் கொழுப்பு இல்லை என்கிறீர்கள். இப்படியே பட்டினி கிடந்தால் பிழைக்கமாட்டார் என்றும் சொல்கிறீர்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், டாக்டர். நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அந்த நிமிடமே அவர் தேற ஆரம்பித்துவிடுவார். அதை நானும் யோசிக்காமல் இல்லை. அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்றுதானே இத்தனையும் செய்தேன்.

ஆனால் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் சாப்பிடுவார். என் கையால் சாப்பிடமாட்டார்.