செவிச்செல்வர் மணிமாறன் கேட்டுவிட்டுப் போன ஏணி

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் நெடுஞ்செழியன் ஐயா அவர்களே, உடல்நலம் பாராமல் விழுப்புரத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாகசுரக் கலைஞர் அம்சவள்ளி அம்மாள் அவர்களே, கணவர் மணிமாறனைப் பறிகொடுத்து நிற்கும் தங்கை பூமாலை அவர்களே, எங்கள் வீட்டு வாசல் பந்தலை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் காந்திமதியின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். பிறகு படித்ததெல்லாம் அடுப்படி வேலைக்கு நடுவில் நானாகப் படித்தது. வெள்ளிக்கிழமை இசை கேட்போர் மன்றத்தின் பொருளாளர் என்ற முறையில் வருடத்துக்கு ஒருமுறை கணக்கு வாசித்துவிட்டு இறங்கிவிடுவேன். அப்போதெல்லாம் இந்த மைக்கைத் தட்டிப் பார்த்து, என் உயரத்துக்குத் தாழ்த்தி, "பேசுங்கக்கா, ஒண்ணும் கடிக்காது" என்று சொல்பவர் யார்? மணிமாறன்! இன்றைக்கும் இது அவர் கடை மைக்தான். பந்தல் காலில் கட்டியிருப்பவை அவர் கடைப் பெட்டிகள்தான். தட்டிப் பார்க்க வேண்டியவர் மட்டும் மாலை போட்ட படத்தில் இருக்கிறார். அங்காளம்மா, தாயே, இது என்ன நியாயம்?

ஊருக்கு அவர் மைக் செட் மணிமாறன். நம் மன்றத்துக்குச் செவிச்செல்வர் மணிமாறன். அந்தப் பட்டத்தை நாம் கொடுத்த அன்று அவர் வெட்கப்பட்டு, சால்வையைச் சுருட்டி ஒயர் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர்.

கல்யாணத்திலும் திருவிழாவிலும் காது கிழியப் பாட்டு போடுவது அவர் தொழில். ஆனால் ஒரு வித்வான் மூச்சு வாங்குவதுகூடக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத்தானே இந்த மன்றம்? வெள்ளிதோறும் விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உயர்ந்த தரத்தில் பதிவான கச்சேரி ஒன்றை வைஃபை வழியாக ஸ்பீக்கரில் வரவழைத்து, முழுசாகப் பேசாமல் கேட்போமே! போனில் கேட்கிற பாட்டைப்போல அது லேசானது இல்லை, கனமானது. ஒருநாள் நடுவில் நின்று நின்று வந்தபோது அவர் சொன்னார்:

"சாதாரணப் பாட்டு சைக்கிள்ல வரும்க்கா, எந்தச் சந்துலயும் பூந்து வந்துடும். இது மலையனூர் தேரு. தேருக்குத் தெரு காலியா இருக்கணும்."

அன்றைக்கே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கேட்க வருகிறவர்கள் போனை அணைத்துத் தாம்பாளத்தில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு போன் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருந்தால் தேர் எப்படி வரும்? "தேர் வர்ற தெருவுல சைக்கிளை நிறுத்தாதீங்கய்யா" என்று தலைவர் முன்னாலும் தாம்பாளத்தை நீட்டினார். நீட்டினாரா இல்லையா, ஐயா?

எங்கள் வீட்டில் அந்த வைஃபை பெட்டி முதலில் பூஜை அறையில்தான் இருந்தது. விளக்கு எரிகிற பொருளை வேறு எங்கே வைப்பேன்? ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் பெட்டி கொதித்தது, பாட்டு நின்றது. அவர் வந்தார், பார்த்தார், சிரித்தார். "பொட்டு வெச்சது சரிக்கா. மூக்கை எதுக்கு அடைச்சீங்க? பாவம், மூச்சு வுட முடியாம தவிக்குது பாருங்க!" ஊசியால் ஒவ்வொரு காற்றுத் துளையையும் சுத்தம் செய்தார். குங்குமத்தை மட்டும் துடைக்கவில்லை. பெட்டியை உள்ளறையில், பரணுக்கு அருகே உயரமாக மாட்டினார். அன்று முதல் தேர் தடையில்லாமல் வந்தது.

விழுப்புரத்தில் நம் மன்றத்து ராயப்பன் சார் வீட்டில் பாட்டு விட்டு விட்டு வருகிறது என்றால் பஸ் ஏறிப் போவார். அங்கே பெட்டி இருந்தது மீன் தொட்டிக்குப் பின்னால். தண்ணீர் வைஃபை அலையைக் குடித்துவிடுமாம். "மீனு கேட்டது போதும் சார், நீங்களும் கொஞ்சம் கேளுங்க" என்றாராம். ராயப்பன் சார் இதோ உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறார்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில், மேல்மலையனூர் அமாவாசையில், அம்சவள்ளி அம்மாள் நாகசுரம் வாசித்தார்கள். மைக் செட் கட்டப் போன இளவட்டம் மணிமாறன், அதை டேப்பில் பிடித்து வைத்தார். பிறகு வாதம் வந்து அம்மாளின் கை விழுந்துவிட்டது. அவர்கள் வாசிப்புக்கு மிஞ்சியது அந்த ஒரு டேப்தான். அதை மணிமாறன் சென்னைக்கு எடுத்துப்போய், இரைச்சல் நீக்கி, உயர்ந்த தரத்தில் மாற்றி வாங்கி வந்தார். அம்மாள் ஒருமுறைகூடத் தன் வாசிப்பைத் தானே கேட்டதில்லை. ஐப்பசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாளை உட்கார வைத்துக் கேட்பிப்பது என்று நாள் குறித்தோம்.

அதற்கு முந்தின புதன்கிழமை மாலை அவர் ஓட்டிப் பார்த்தார். ஆலாபனை அருவியாக வந்தது. தவில் சேரும் இடத்தில் நின்றது! திரும்ப ஓட்டினார். தவில் சேர்ந்ததும் நின்றது!

"இன்னா தம்பி, நல்லாத்தானே வந்துக்கினு இருந்துச்சு?" என்றேன்.

"அதான்க்கா பேஜாரா இருக்குது. நாகசுரம் தனியா வந்தா தெரு போதுது. தவிலும் சேந்தா தேரு அகலமாயிடுது. நடுவுல இன்னாமோ நிக்குது."

பெட்டியை அணைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு அலை குறுக்கிடாமல் அலைவரிசையை மாற்றினார். ஸ்பீக்கரை உள்ளறைக்குத் தூக்கிப் போனார். அங்கே தவிலும் வந்தது, தாளமும் வந்தது! கூடத்துக்குக் கொண்டுவந்தால் நின்றது. இரண்டு அறைக்கும் நடுவில், நிலைப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மேல்பேட்டையில கல்யாணம், ஜல்தி போவணும். நாளைக்குக் காலையில வர்றேன். ஒரு ஏணி எடுத்து வெச்சிருங்க."

"ஏணி எதுக்கு தம்பி?"

"ஏறதுக்குத்தான்க்கா!"

சிரித்துக்கொண்டே செருப்பைப் போட்டவர்தான்.

வியாழக்கிழமை காலையில் கோலம் போட்டுவிட்டு ஏணியை எடுத்து நிலைப்படி ஓரம் சாத்தினேன். சாத்திய கையை இன்னும் எடுக்கவில்லை. பால் கடை வாசலில் மணிமாறன் சாய்ந்துவிட்டார் என்று சேதி வந்தது. நம்ப முடிகிறதா? முந்தின மாலை ஸ்பீக்கரைத் தூக்கிய மனிதர்! எனக்கு அழுகைகூட வரவில்லை. "ஏணி வெச்சிட்டேனே, ஏணி வெச்சிட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம், என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு நினைவில்லை. கணக்கில் தப்பு வந்தால் முதலிலிருந்து கூட்டிப் பார்ப்பேன். இதை எங்கிருந்து கூட்டுவது?

காரியம் முடிந்த அன்று அம்சவள்ளி அம்மாள் என் கையைப் பிடித்தார்கள். "அந்தப் புள்ள எனக்காக எடுத்து வெச்சதை நான் கேக்கணும். நானும் எத்தினி நாளைக்கு இருப்பேன்?" இதற்கு முடியாது என்று யாரால் சொல்ல முடியும்?

சென்ற வெள்ளிக்கிழமை கூடினோம். பாட்டை ஓட்டும் செயலி அவர் போனில்தான் இருந்தது. பூமாலையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வைஃபையில் யார் போன் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதற்காக என் போனில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். என் போனையும் ஸ்பீக்கரையும் தவிர எல்லாப் பெயரும் போயிருந்தது. திடீரென்று ஒரு பெயர் வந்தது.

மணிமாறன்.

ஐயோ என்று கத்திவிட்டேன். வாசலுக்கு ஓடினேன். கேட்டருகில் பூமாலை நிற்கிறாள், கையில் அவர் போன். வழக்கமான வீடு என்று அது தானாக இணைந்துகொண்டது! "அணைக்க மனசு வரலக்கா. செட்டு கேட்டு போன் வந்துக்கினே இருக்குது. ஒவ்வொருத்தர்கிட்டயும் நான்தான் சொல்லிக்கினு இருக்கிறேன்" என்றாள்.

ஓட்டினோம். தவில் சேரும் இடத்தில் நின்றது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த முகத்தைப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. அப்போது பூமாலைதான் கேட்டாள்: "இந்த ஏணி எதுக்குக்கா இங்க நிக்குது?"

அன்று வைத்த ஏணி. எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன். அவளே ஏறினாள். நிலைப்படிக்கு மேல் இருக்கும் பரணைப் பார்த்தாள். எங்கள் பெண்ணுக்கு ஆவணியில் நிச்சயமானதிலிருந்து சீருக்கு வாங்கி, ஐப்பசி பிறந்ததும் பரணில் ஏற்றி அடுக்கிய பித்தளை அண்டா, வெண்கலப் பானை, எவர்சில்வர் தவலை! பெட்டிக்கும் கூடத்துக்கும் நடுவில் உலோகச் சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். தேர் எப்படி வரும்?

ஒவ்வொன்றாக இறக்கினோம். தலைவர் ஐயாவே கீழே நின்று தவலையை வாங்கினார். மறுபடி ஓட்டினோம். ஆலாபனை முடிந்தது. தவில் விழுந்தது! நிற்கவில்லை! அம்மாளின் விழுந்துபோன வலக்கை மடியிலேயே கிடந்தது. இடக்கை விரல்கள் மட்டும் புடவை மேல் துளை தேடித் தேடி ஓடின. முடிந்ததும் ஒரே வார்த்தை கேட்டார்கள்: "நானா?"

செவிச்செல்வரே, அதைக் கேட்க நீங்கள் அல்லவா இருந்திருக்க வேண்டும்!

சபையோரே, இனி வெள்ளிக்கிழமை நிற்காது. யார் வீட்டில் பாட்டு நின்றாலும் மன்றம் ஏணியோடு வரும். பூமாலை கடையைத் திறக்கிறாள். என் பெண் கல்யாணத்துக்கு முதல் செட் அவளுடையது. இது அங்காளம்மன் சாட்சியாக நாங்கள் கொடுக்கும் வாக்கு.

இப்போது மௌன அஞ்சலி. அது முடிந்ததும் அம்மாளின் நாகசுரம். தாம்பாளம் வருகிறது. எல்லாரும் போனை அணைத்துப் போடுங்கள், தேர் வருகிற தெரு.

பூமாலை, நீ மட்டும் அணைக்காதே அம்மா. அவர் போன் இணைந்தே இருக்கட்டும்.