இரண்டு முறை கணக்கில் ஏறிய காற்று

இந்த இசையரங்கைத் திறந்து வைக்க வந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! கட்டி முடிக்கும் வரை எங்கள் ஆர்ப்பாட்டத்தைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் ஏந்தியபடியே கைதட்டக் காத்திருக்கும் தாய்மார்களே! தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் தோழர்களே! கட்டடக் குழுவின் செயலாளன், உங்கள் அத்தனை பேரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் கல்லைப் புகழ்ந்தார்கள், கண்ணாடியைப் புகழ்ந்தார்கள், கதவின் கைப்பிடியைக்கூடப் புகழ்ந்தார்கள். நான் கண்ணுக்கே தெரியாத காற்றைப் புகழ வந்திருக்கிறேன். என்ன அங்கே சிரிப்பு? 'இவர் ஆரம்பித்தால் விட மாட்டாரே' என்றா? இன்றைக்கு விட்டுவிடுவேன், பயப்படாதீர்கள்.

என் துணைவியை அறிவீர்கள். நம் பாட்டுக்குழுவின் முதல் குரல். பழைய பயிற்சி அறை கீழ்த்தளத்தில் இருந்தது. சன்னல் கிடையாது. உள்ளே கிடந்த காற்றையே ஏ.சி. சுற்றிச் சுற்றிக் குளிர வைத்தது. ஆஸ்துமாக்காரிக்கு அது ஆகுமா? பாதிப் பாட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவாள். ஒருநாள் ஓடியவள் நேரே வீட்டுக்கு வந்தாள். "இனிமே பாடலைங்க, விட்டுருங்க" என்றாள். அடுக்களையில் முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டாள். அந்த அமைதி என்னைக் கொன்றது, ஐயா!

புதிய அரங்குக்குக் குளிரூட்டும் கணக்குப் போட்டவர்கள் என் தங்கையும் மாப்பிள்ளையும். இருவரும் பொறியாளர்கள், ஒரே அலுவலகம், எதிரெதிர் மேசை. அறைக்கு எவ்வளவு குளிர்ச்சி தேவை என்பது மாப்பிள்ளை கணக்கு. அதை வாங்கி, இயந்திரம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பார்ப்பது தங்கை. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்தால் அதன் சூட்டையும் ஈரத்தையும் இறக்க வேண்டுமே, அது பெரும் சுமை.

கணக்கு வந்தது. இயந்திரமா அது? யானை! மொட்டைமாடி தாங்காது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். கூட்டத்தில் நம் பொருளாளர் எழுந்தார். "வெளிக்காத்தைப் பாதியா வெட்டுங்க. மெஷின் தன்னால சின்னதாயிடும்." ஒவ்வொரு கையாக உயர்ந்தது. மறுபடியும் அதே மூச்சுமுட்டலா?

மாப்பிள்ளை குதித்தார். "முடியவே முடியாது! அக்கா மூச்சு விடணும். ஆளுக்கு இவ்வளவுன்னு வெளிக்காத்தை என் அறைக் கணக்குல போட்டிருக்கேன். யாரும் கை வைக்கக் கூடாது!"

தங்கை திரும்பினாள். "உங்க கணக்குலயா? அதை நான் மெஷின் கணக்குல போட்டாச்சே!"

"நீ மறந்துடுவியோன்னு..."

"அண்ணி விஷயத்துல நான் மறப்பேனா? நீங்க மறந்துடுவீங்கன்னுதானே நானே போட்டேன்!"

ஒரே பாத்திரத்தில் இருவரும் உப்புப் போட்டிருக்கிறார்கள்! இங்கே வெளிக்காற்று இயந்திரத்திலேயே குளிர்ந்துதான் அறைக்குள் நுழைகிறது. அறைக் கணக்கில் அதற்கு வேலையே இல்லை. மாப்பிள்ளை தன் பங்கை எடுத்தார். இயந்திரம் மாடிக்கு அடங்கியது. வெளிக்காற்றோ இம்மியும் குறையவில்லை. முதலில் கைதட்டியவர் பொருளாளர்தான். தலையாட்டாதீர்கள் ஐயா, நான் பார்த்தேன்!

மறதியால் பிழை செய்தவர்கள் உண்டு. சோம்பலால் பிழை செய்தவர்கள் உண்டு. பாசம் பொங்கிப் பிழை செய்த பொறியாளர்களை எங்கேனும் கண்டதுண்டா? எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்!

அரங்கம் என்பது எது? சுவரா? கூரையா? சொகுசு நாற்காலியா? ஊரே சுகமாய் அமர்ந்திருக்க, மூலையில் ஒருத்திக்கு மூச்சு முட்டினால் அது அரங்கமா? அவளும் மூச்சு விட வேண்டும்! அவளும் பாட வேண்டும்! அவளும் நம்மோடு இருக்க வேண்டும்! அதற்கான காற்றை முதலில் எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசுங்கள்!

காலையில் என் துணைவி, "பயமா இருக்குங்க" என்றாள். எனக்கும்தான். அதோ, திரையோரம் நின்று, "போதும், உக்காருங்க" என்று கைகாட்டுகிறாள். அவளாக மேடை கேட்டு எத்தனை காலமாயிற்று!

உழைத்த கைகளுக்கு நன்றி, கேட்ட செவிகளுக்கு வாழ்த்து, அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் கொடுங்கள். என் மனைவி பாடப் போகிறாள்.