சாவி இறங்கிய பிட்ச்

– ‘பிட்ச் எப்படி இருக்கு, முதல்ல பேட் பண்ணலாமா?’ன்னு காலையில கேப்டன் உங்கிட்டதானே கேட்டா? நீ என்னடி சொன்ன?

– மெல்லப் பேசுங்க ஃபிசியோக்கா. தார் ரோடு மாதிரி இருக்கு, தாராளமா ஆடலாம்னு சொன்னேன்.

– தார் ரோடா! அதுல போன ஆறு பேரும் வரிசையா விபத்துல சிக்கிட்டாங்க. ஒரு பந்து காதுக்கு வருது, அடுத்தது கணுக்காலுக்கு வருது. நம்ம நாலாம் நம்பர், பந்து வெளியே போகுதுன்னு விட்டுட்டா.

– அப்புறம்?

– பந்து அவ ஸ்டம்பை விடல.

– ஸ்கோர் என்னக்கா?

– இருபத்தொம்பது. அதுல பதினொண்ணு உதிரி ரன்.

– அப்ப இன்னைக்கு உதிரிதான் நம்ம நட்சத்திர ஆட்டக்காரி.

– சிரிக்காத. கடைசி ஆளு நீதான். இந்த வேகத்துல போனா சாப்பாட்டுக்கு முன்னாடியே உன்னைக் கூப்பிட்டுருவாங்க. ஒரு கால்ல பேட் கட்டிட்ட. இன்னொரு காலை எதுக்கு பெஞ்சுக்கு அடியில ஒளிக்கிற? காட்டு.

– ஒண்ணுமில்லக்கா. சத்தியமா ஒண்ணுமில்ல.

– காட்டுடி! அம்மா தாயே, இது பெருவிரலா கத்தரிக்காயா?

– நகத்துக்கு அடியில ரத்தம் கட்டிருச்சு. பந்து போடறப்ப ஓடி வந்து காலை ஊனுறேன்ல, ஒவ்வொரு தடவையும் விரல் ஷூவுல போய் இடிக்குது.

– வேகப்பந்து போடறவங்க ஷூ முனையில ஓட்டை போட்டுக்குவாங்களே, நீ ஏன் போடல?

– போட்டா கேப்டன் கண்ணுல பட்டுருமே. இது என் முதல் டெஸ்டுக்கா. வலிக்குதுன்னு தெரிஞ்சா அப்பவே உட்கார வச்சிருப்பாங்க.

– இரு, இரு. அப்ப அந்தத் தார் ரோடு?

– சாவியை வச்சுக் குத்திப் பார்த்தேன். வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குச்சு, அவ்வளவு ஈரம். புல்லு வேற பச்சைப் பசேல்னு. அந்த மாதிரி பிட்ச்ல பந்து போட சத்தியமா நான் கனவெல்லாம் கண்டிருக்கேன்க்கா. ஆனா நம்மாளுங்க சாயங்காலம் வரைக்கும் ஆடுவாங்க, காலுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்னு...

– அடிப்பாவி! ஒரு நகத்துக்காக மொத்த டீமையும் பலி கொடுத்துட்டியே!

– கத்தாதீங்க! மூலையில யாரோ முகத்துல துண்டைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காங்க.

– முதல் பந்துலயே அவுட்டாகி வந்தவளா இருக்கும்.

– யாருக்கா?

– மூணு பேர் அப்படி வந்திருக்காளுங்க, எவளுன்னு கண்டேன்? பாவம், தூங்கட்டும்.

– அக்கா, துண்டு எந்திரிக்குது.

– அம்மா தாயே! கேப்டன்!

– கேப்டன், தப்புதான். திட்டுங்க, நாலு அறை வேணும்னாலும் விடுங்க. டீமை விட்டு மட்டும் தூக்கிராதீங்க. ஐயோ, எதுக்கு என் ஷூவை எடுக்கறீங்க? ஃபிசியோக்கா, கத்தரிக்கோலைக் கொடுக்காதீங்க!

– நான் எங்கடி கொடுத்தேன், அவளே பிடுங்கிக்கிட்டா!

– வெட்டாதீங்க கேப்டன்! எங்க போறீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க! போயிட்டாங்கக்கா. ஷூவும் போச்சு, டெஸ்டும் போச்சு.

– கண்ணைத் தொடச்சுட்டு ஷூவைப் பாருடி. பெருவிரலுக்குச் சரியா ஓட்டை போட்டு, உள்ள ஒரு புதுப் பந்தையும் வச்சிட்டுப் போயிருக்கா.