கைப்பட்டை

— சீ, கருமம்! என்ன இது, சளி மாதிரி நெஞ்சு பூரா தடவுறீங்க?

— இசிஜி ஜெல் சார். எடுத்து முடிச்சதும் துடைச்சு விட்டுடறேன்.

— இந்த விரிப்பைத் துவைச்சாங்களா, இல்ல உதறிப் போட்டாங்களா சிஸ்டர்? எவனோ படுத்த வேர்வை நாத்தம் அப்படியே இருக்கு. முப்பத்திரண்டு வருஷம் ஓட்டல் ஓட்டலா நுழைஞ்சு சுகாதாரம் பார்த்தவன் நான். எத்தனை அடுப்படிக்கு சீல் வச்சிருக்கேன் தெரியுமா?

— நான் சிஸ்டர் இல்ல சார், டெக்னீஷியன். விரிப்பு இன்னிக்குக் காலையில மாத்தினதுதான்.

— ஏய், அங்க என்ன சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? வீட்டுலேருந்து கொண்டு வந்த விரிப்பை எடு.

— இந்தாங்க. படி ஏறினதுல மூச்சு வாங்குதுங்க. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

— கேட்டீங்களா? ஹார்ட் பேஷண்ட் நான். மூச்சு வாங்குறது என் பெண்டாட்டிக்கு.

— அம்மா, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. சார், இப்ப அசையாதீங்க, பேசவும் வேண்டாம்... ம். துடிப்பு நல்லா சீரா இருக்கு.

— இங்க வந்தா சீரா இருக்கும். வீட்டுக்குப் போனா தறிகெட்டு ஓடும். அப்படித்தானே உங்க டாக்டர் போன்ல சொன்னாரு? அஞ்சு மாசம் முன்னாடி என்ன சொல்லி என்னைப் படுக்க வச்சீங்க? பழைய மாதிரி சூடு வைக்கிறதில்ல, உறைய வைக்கிறதில்ல, தப்பான துடிப்பை நிறுத்துற புது அப்லேஷன், கண் சிமிட்டுறதுக்குள்ள கரண்ட் வந்து போயிடும், உணவுக்குழாய் பக்கமெல்லாம் போகாதுன்னு ஆளாளுக்குப் பாடினீங்க. தொடையில ஓட்டை போட்டு ஒயரை இதயம் வரைக்கும் விட்டீங்க. நினைச்சாலே குமட்டுது. நாளைக்கு மறுபடியும் அதே கூத்தா?

— முதல் மூணு மாசம் துடிப்பு அப்பப்பத் தடுமாறலாம் சார், உள்ள ஆறுற வரைக்கும். அதை நாங்க பெரிசா எடுத்துக்க மாட்டோம். ஆனா துடிப்பைக் கண்காணிக்க நாங்க உங்க மணிக்கட்டுல கட்டிவிட்ட கைப்பட்டை, தடுமாறுதுன்னு அதுக்கப்புறமும் தகவல் அனுப்பிக்கிட்டே இருக்கு. போன மாசம் மட்டும் பத்தொன்பது தடவை.

— அப்ப உங்க புது வைத்தியம் பித்தலாட்டம்.

— எனக்கே புரியல சார். அன்னிக்கு நானும் உள்ளதான் இருந்தேன். தப்பான துடிப்பு கிளம்புற நாலு இடத்தையும் சுத்தி மறிச்சாச்சு. ஸ்கிரீன்ல ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்தேன். அதான் நாளைக்கு உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ரெண்டு கேள்வி. வீட்டுல பாரமான வேலை ஏதாவது செஞ்சீங்களா?

— நானா? அஞ்சு மாசமா ஒரு டம்ளரைக்கூட நகர்த்தினதில்லம்மா. எச்சில் தட்டைக் கண்டாலே எனக்கு உடம்பு கூசும். சமையல் நாத்தம் ஒத்துக்காம மாடியிலயே படுத்துட்டேன். எல்லாம் இவதான். அதையாவது உருப்படியாச் செய்யறாளா? போன வாரம் பால் பாத்திரத்தை அப்படியே கீழ போட்டுட்டா. படியெல்லாம் பிசுபிசுன்னு, ஈ மொய்ச்சு... சீ! கேட்டா கை மரத்துப் போச்சாம். வாயில எதையோ அடக்கிக்கிட்டுப் பேசுற மாதிரி ஒரு உளறல் வேற.

— அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கால் மணி நேரத்துல சரியாப் போச்சு. நானே துடைச்சுட்டேன்.

— ஒரு நிமிஷம்மா. சார், காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?

— எட்டரை. சில நாள் ஒன்பது.

— உங்க பட்டை தினமும் காலையில நாலே முக்காலுக்கே நடக்க ஆரம்பிச்சதா இங்க பதிவாகியிருக்கே?

— மெஷின் தப்பாக் காட்டும்.

— நேத்து மட்டும் மாடிப்படி பதினாலு தடவை ஏறி இறங்கியிருக்கு. டம்ளரைக்கூட நகர்த்தாதவர் எப்ப சார் ஏறினீங்க?

— என்னம்மா நீ, திருடனைப் பிடிச்ச மாதிரி கேக்கற?

— பட்டை எங்க சார்? மணிக்கட்டைக் காட்டுங்க. அஞ்சு மாசம் கட்டின கையில ஒரு தடம்கூட இல்லையே.

— அட, அது ரப்பர்ம்மா! வேர்வை ஊறி, அடியில அழுக்கு அப்பி, மோந்து பார்த்தா செத்த எலி நாத்தம். மனுஷன் கட்டுவானா அதை? ஒரே வாரத்துல கழட்டிட்டேன். கழட்டி ஒரு மணி நேரம் ஆகல, இங்கேருந்து போன். 'சார் பட்டை எங்க, சார் பட்டை எங்க'ன்னு ஒரே நச்சு.

— கழட்டி என்ன பண்ணீங்க?

— என்னத்தப் பண்ணுவாங்க... வீட்டுலதான் இருக்கு.

— அம்மா, இடது கையை மறைச்சிருக்கிற முந்தானையைக் கொஞ்சம் விலக்குங்க.

— இவர்தாங்க கட்டிவிட்டாரு. யார் கைன்னு அதுக்கா தெரியப் போகுது, நீ கட்டிக்கோ, போன் வராதுன்னாரு. குளிக்கிறப்பகூட நான் கழட்டினதில்லைங்க. நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனா?

— மூச்சு வாங்குறது எப்பலேருந்தும்மா?

— நாலு மாசம் இருக்கும். நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் அடங்கிடும். அலுப்புன்னு விட்டுட்டேன். இவரே படுத்திருக்காரு, இதுல நான் வேற எதுக்குன்னு...

— எழுந்திரிக்காதீங்கம்மா. அப்படியே உக்காந்திருங்க. அந்தப் பத்தொன்பது தடவையும் உங்க துடிப்பும்மா, இவரோடது இல்ல. துடிப்பு இப்படித் தடுமாறினா இதயத்துக்குள்ள ரத்தம் உறையும்; உறையாம இருக்க மாத்திரை இவர் சாப்பிட்டுக்கிட்டிருக்கார். நீங்க ஒண்ணுமே இல்லாம நடமாடியிருக்கீங்க. அன்னிக்குக் கை மரத்தப்ப சின்னதா ஒரு ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கலாம். பெரிசா ஒண்ணு போறதுக்குள்ள டாக்டர் வரணும், கூப்பிடறேன். சார், கட்டிலை விட்டு இறங்குங்க.

— எதுக்கு?

— அவங்க படுக்கணும்.

— இரும்மா, இரு. அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா? நாளைக்கு ஒயர் கியர் எதுவும் விட மாட்டீங்களே?

— இதுவரைக்கும் உங்க இசிஜி எல்லாமே சீராத்தான் சார் இருக்கு. உங்ககிட்ட இதைச் சொல்றதுக்கு எனக்கே அருவருப்பா இருக்கு.

— அப்பாடா! ஏய், கேட்டியா? எனக்குச் சரியாப் போச்சு! என்ன அப்படிப் பார்க்கிற? உனக்கும் அதே கரண்டை வச்சு ஒரு மணி நேரத்துல முடிச்சு விட்டுருவாங்க, பயப்படாத. வா, கையைக் குடு, நானே படுக்க வைக்கிறேன்.

— சீ. என்னைத் தொடாதீங்க.